இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்த படம்

நேற்று மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது என் வேனில் ஒரே கூத்து. முன் சீட்டில் உட்காரும் பெண், இடைநிலைப் பள்ளியில் படிக்கிறவள், கைப்பேசியில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு எல்லாருடைய முகத்தையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்று கேட்டேன். முகத்தின் நடுவே ஒரு கோடு விழுமாம். இடப் பக்கமும் வலப் பக்கமும் எவ்வளவு ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்து, அழகுக்கு மதிப்பெண் போடுமாம். பிள்ளைகள் சிரிக்காமல், கண்ணைச் சிமிட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் சொல்லியும் ஒரு நாளும் அப்படி உட்காராத பிள்ளைகள்.

"ஆண்ட்டி, நீங்களும் பாருங்க லா. இது கலரையும் சேத்துப் பாக்குதாம். இவளுக்கு ரொம்பக் கம்மி," என்று சொல்லிப் பின் சீட்டில் இருந்த சின்னவளைக் காட்டினாள். அது நம் தோட்டத்துப் பிள்ளை. உன் நிறம். பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

லிங்கி சாலையில் வேனை ஓரங்கட்டி நிறுத்தினேன். "அத மூடு. இல்லன்னா எல்லாரும் எறங்கி நடங்க," என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். நான் அவர்களிடம் அப்படிக் கத்தியதே இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தும் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வேறு யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும், "இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டு இருக்க?" என்கிறார்கள். இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் முகத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அதை ஒருவரும் எழுதவில்லை. நல்ல கறுப்பு. அகலமான நெற்றி. மேலுதட்டில் ஒரு மச்சம். பள்ளி முடித்து நாற்றுமேடை வேலைக்கு வந்த புதிதில், ஒரு நாள் காலையில் எழுந்தபோது உன் முகத்தின் இடப் பக்கம் தொங்கிப்போயிருந்தது. முகவாதம், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பாதிதான் சரியானது. அதற்குப் பிறகு உன் இடக்கண் முழுதாக மூடியதில்லை, தூங்கும்போதும் ஒரு கீற்று திறந்தே இருக்கும். சிரித்தால் வலப் பக்கம் மட்டும் மேலே போகும், இடப் பக்கம் சம்பந்தமில்லாதது போல அப்படியே நிற்கும். நான் வேன் ஓட்டப் போவதற்கு முன், நாம் சேர்ந்து செம்பனை நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருக்கும்போது நீயே சொல்வாய்: "பாதி சிரிக்கும், பாதி யோசிக்கும். மேனேஜருக்குப் பிடிச்ச மூஞ்சிடி இது."

ஆனால் நீ மட்டும் என்ன, கல்லா? சிரம்பான் லோபாக்கில் அந்தக் கடைவரிசையில் விற்கும் களிம்பை வாங்கி நீயும் பூசினாய். டப்பாவின் மேல் எந்த நாட்டுக்காரியோ பால் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் உன் கன்னம் உரிந்து, சிவந்து, வெயில் பட்டால் எரிந்தது. நம் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னவென்று கேட்டதற்கு, "உள்ள ஒரு வெள்ளக்காரி இருக்கா மண்டோர், வெளிய வரப் பாக்குறா, கதவு தெறக்க மாட்டேங்குது," என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் குழாயடியில் நீ முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அந்தப் படம் எடுத்த கதைக்கு வருகிறேன்.

உனக்கு மாப்பிள்ளை பார்க்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தார். லோபாக்கில் ஒரு ஸ்டூடியோவுக்கு மூன்று பேரும் போனோம். ஸ்டூடியோக்காரர் உன்னை ஸ்டூலில் உட்கார வைத்து முதலில் சொன்ன வார்த்தையே, "சிரிக்காதம்மா," என்பதுதான். படத்தை வாங்கப் போனபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல பக்கத்த எடுத்து அப்படியே திருப்பி இந்தப் பக்கம் ஒட்டிட்டேன். இப்ப பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணு. மூக்குத்திதான் ரெண்டா வந்துருச்சி, ஒண்ண அழிச்சிட்டேன். கலரையும் தூக்கி விட்டுருக்கேன்," என்றார். மச்சத்தையும் எடுத்துவிட்டிருந்தார், அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

உன் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. முகவாதம் வராமல் இருந்திருந்தால் தன் பிள்ளை இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது. நீ அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய்.

"யாருடி இவ? லட்சணமாத்தான் இருக்கா. இவளுக்கே மாப்பிள்ள பாத்துருங்க, நான் வேலைக்குப் போறேன்."

கோலா கிளாவாங்கிலிருந்து ஒரு குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தது. மலைப்பாதை வளைவுகளில் வந்ததில் மாப்பிள்ளையின் அக்காளுக்குத் தலைசுற்றல். அவர்களை உட்கார வைத்து, விசிறியைத் திருப்பி வைத்து, நீயே தேநீர்த் தட்டைக் கொண்டுபோனாய். நான் அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து குவளையை எடுத்துக்கொண்டு, உன்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "பொண்ண வரச் சொல்லுங்க, பாத்துட்டுக் கெளம்பறோம், மழ வர்ற மாதிரி இருக்கு," என்றார்.

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உன் தம்பி வெளியே போய்விட்டான். நீதான் பேசினாய்.

"நான்தாங்க பொண்ணு. படத்துல இருக்கறதுல பாதி நான். மிச்சப் பாதி ஸ்டூடியோக்காரரு."

நல்ல மனிதர்கள்தான். தேநீரைக் குடித்தார்கள், உளுந்து வடை நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு தொலைபேசியில் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு பின்பக்கக் குழாயில் குவளைகளைக் கழுவிக்கொண்டே நீ சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "என்னைய வேணாம்னு சொன்னாக்கூடப் பரவால்லடி. பாக்கவே இல்லையே." அதோடு பெண் பார்க்க யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய். உன் அம்மா சரி என்றார். படத்தை மட்டும் தூக்கிப் போடவில்லை. அலமாரியில், உன் தோடு வைத்த டப்பாவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

நம் தோட்டத்துக் குழாயில் சேற்றுத் தண்ணீர் வந்த சமயத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? யாரும் வாயைத் திறக்காத நேரத்தில் நீதான் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் நீட்டி, "இத ஒங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டாய். அரை மணி நேரம் பேச வைத்து எடுத்தார்கள். இரவுச் செய்திக்கு லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் உன் வீட்டில் கூடினார்கள். உன் குரல் வந்தது. பாட்டிலோடு உன் கை வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பாலர் பள்ளி டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வெள்ளையாக, பொட்டு வைத்து, நன்றாகத்தான் இருந்தார். உன் குரலுக்கு அவர் தலையாட்டினார். அது நம்முடைய தமிழ்ச் செய்திதான். வேறு யாரையும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நீ அன்று சிரித்தாய். "கை அழகா இருக்குல்ல எனக்கு?" என்றாய். நானும் சிரித்தேன். நாம் அப்படியே சிரித்துச் சிரித்துத்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

நீ காணாமல் போன அந்த வெள்ளிக்கிழமை, மூடாத அந்தக் கண்ணைக் காட்ட சிரம்பானுக்குப் போனாய். சந்தியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாய். நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனேன், ஹாரன் அடித்தேன், கையைத் தூக்கினாய். ஊதாப் பூப்போட்ட சட்டை. சாயங்காலம் வரவில்லை. கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்து, பிறகு அடிக்கவே இல்லை.

அன்று நடந்தது எல்லாம் பிறகுதான் தெரிந்தது, அதுவும் பாதி ஊகம். யாரோ உன் கைப்பையைப் பறித்துக்கொண்டு தள்ளிவிட்டிருக்கிறான். தலையின் பின்பக்கம் அடிபட்டிருக்கிறது. அடையாள அட்டை, கைப்பேசி எல்லாம் பையோடு போய்விட்டன. அடிபட்ட தலையோடு நீ எந்தப் பேருந்தில், எப்படி ஏறி, பக்கத்து மாநிலத்தில் போய் இறங்கினாய் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பேச்சு போய்விட்டிருந்தது. உன் பெயரைக் கேட்டால் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

புகார் கொடுக்கப் போனபோது தெளிவான படம் ஒன்று கேட்டார்கள். உன் அடையாள அட்டையின் நகல் வீட்டில் இருந்தது. நம் நிறத்துக்கு அந்த நகலெடுக்கும் இயந்திரம் என்ன மரியாதை கொடுக்கும் என்று உனக்குத் தெரியுமே. முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். உன் அம்மா ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். அந்தப் படம் போலீசுக்குப் போனது, அங்கிருந்து பத்திரிகைக்குப் போனது.

"அத்தை, அது வேணாம். எங்கிட்ட ஹேண்ட்போன்ல இருக்கு, போன வாரம் எடுத்தது," என்றேன். நாற்றுமேடையில் எடுத்த படம். வாய் நிறைய ரம்புத்தான் பழத்தை வைத்துக்கொண்டு நீ சிரிக்கிறாய். ஒரு கண் சின்னது, ஒரு கண் பெரியது. வாய் வலப் பக்கம் ஏறியிருக்கிறது. உன்னைத் தெரிந்த நாய்கூட அதைப் பார்த்தால் வாலை ஆட்டும். "அதுல அவ நல்லாவே இல்லையேடி," என்றார் உன் அம்மா. நான் விடவில்லை. தமிழ்ப் பத்திரிகை நிருபரின் எண்ணைத் தேடிப் பிடித்து அந்தப் படத்தை அனுப்பினேன். மரியாதையான பையன், உடனே கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. இந்தப் படத்தப் போட்டா யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க லா. அம்மா குடுத்ததுதான் பளிச்சின்னு இருக்கு. அதப் பாத்தாத்தான் பாவம்னு தோணும்."

"தம்பி, அது அவ இல்ல."

"மொகம் அதே மொகம்தானேக்கா?"

"பாதிதான், தம்பி."

நான் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். படம் மாறவில்லை.

வேற்றுமொழிப் பத்திரிகை ஒன்றிலிருந்தும் ஒருவர் கூப்பிட்டார். மலாயில்தான் பேசினார், குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குக் காதலன் உண்டா என்று கேட்டார். வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று கேட்டார். உன் தம்பிக்குக் குண்டர் கும்பலோடு தொடர்பு உண்டா என்று கேட்டார். பாவம் உன் தம்பி, கரப்பான்பூச்சிக்குப் பயந்து மேசை மேல் ஏறுகிறவன். அதே வாரம் தலைநகரில் ஒரு கல்லூரிப் பெண் காணாமல் போயிருந்தாள். "அந்தப் பிள்ளை வீட்டிலும் இதையெல்லாம் கேட்டீர்களா?" என்று நான் கேட்டேன். "அந்தக் கேஸ் வேறு," என்றார். எப்படி வேறு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணை உனக்குத் தெரியாது. நாட்டில் மற்ற எல்லாருக்கும் தெரியும். வெளிர் நிறம், நேரான பல்வரிசை, கன்னத்தில் குழி. முதல் பக்கம் முழுக்க அவள் முகம். அவள் வீட்டு வாசலில் தொலைக்காட்சி வண்டிகள். அவளுடைய ஆசிரியை அழுததைக் காட்டினார்கள், அவள் வரைந்த ஓவியத்தைக் காட்டினார்கள், அவள் வளர்த்த பூனையைக் காட்டினார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது நாட்டுக்கே மனப்பாடம். அவள் பத்திரமாகக் கிடைத்துவிட்டாள். நான் வேனை நிறுத்திவிட்டு அழுதேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் அழுதேன், அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித்தான் தேட வேண்டும். உன்னையும் அப்படித் தேடியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அந்த வேற்றுமொழிப் பத்திரிகையில் உன் செய்தி உள்பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே வந்தது. "இந்திய மாதைக் காணோம், குடும்பப் பிரச்சினையா?" நீ என்ன வேலை செய்தாய் என்று அதில் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டி அவர்களுடைய சகாக்களையே வாயடைக்க வைத்தவள் என்று இல்லை. முகத்தின் இடப் பக்கம் வாதத்தில் இழுத்திருக்கும் என்று அந்தத் தமிழ் நிருபரிடம் நான் படித்துப் படித்துச் சொன்னேன், அது அவன் பத்திரிகையிலும் இல்லை. இணையத்தில் அந்தப் படத்துக்குக் கீழே எவனோ ஒருவன், "மூஞ்சப் பாத்தா தெரியல? எவன் கூடவாவது போயிருப்பா," என்று எழுதினான். அதற்கு நிறையப் பேர் சிரிக்கும் பொம்மை முகத்தைப் போட்டிருந்தார்கள். கறுப்பாகவும் கோணலாகவும் இருந்தால் பாவமாகத் தோன்றாது, வெள்ளையாக ஆக்கிப் போட்டால் ஓடிப்போனவள். நம்மை என்னதான் செய்யச் சொல்கிறார்கள்?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரம்புத்தான் படத்தைப் பெரிதாக்கி நானும் உன் தம்பியும் சிரம்பானிலும் லிங்கியிலும் போர்ட்டிக்சனிலும் ஒட்டினோம். நீ அங்கே எல்லாம் இல்லை. மாநிலம் தாண்டி ஒட்ட வேண்டும் என்று ஒரு பொதுநல அமைப்புக்காரர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். பத்திரிகையில் வந்த படத்தை எடுத்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அச்சடித்து, பேருந்து நிலையங்களில் எல்லாம் ஒட்டினார்கள்.

பிறகு ஒரு நாள் போலீசார் வீட்டுக்கு வந்தார்கள். பெயர் தெரியாத மாது என்று எழுதிச் சேர்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நீ இறந்துபோயிருந்தாய். இறந்த பிறகு கைரேகை எடுத்துப் பார்த்ததில் நீ யார் என்று தெரிந்ததாம். உயிரோடு இருந்தபோது ஏன் எடுக்கவில்லை என்று உன் தம்பி கேட்டான். வந்தவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உன்னைக் கடைசியில் அடையாளம் காட்டியது உன் பெருவிரல்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் இன்னொன்றைப் பார்த்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் முகம் நேராகியிருந்தது. யாரோ உன் இடக்கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். வலப் பக்கத்தின் பிடி விட்டுப்போனதால் வாய் நடுவுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்று. ஒப்பாரிக்கு வந்த பெண்களில் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு," என்றாள். எனக்கு அவளை வெளியே பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. நாற்றுமேடையில் கூட இருந்த இத்தனை வருடங்களில் ஒரு நாளாவது அவள் உன்னை அப்படிச் சொல்லியிருப்பாளா?

மாலை போட வைத்திருந்ததும் அந்த ஸ்டூடியோ படம்தான். சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள். நான் நேராக உன் அம்மாவிடம் போனேன். "அத்தை, இந்தப் படத்தாலதான் அவ கெடைக்கல. இதையே வச்சிக் கும்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத நேரம்தான். ஆனால் கேட்டுவிட்டேன்.

உன் அம்மா அழவில்லை. "அவ உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அவள அழகுன்னு சொல்லலடி. செத்தப்பறமாச்சும் வர்றவங்க சொல்லிட்டுப் போகட்டும்," என்றார்.

நான் அந்தப் படத்தைக் கும்பிடவில்லை. இன்றுவரை உன் வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போடுகிறார்கள். அதிலும் அவள்தான் சிரிக்காமல் நேராகப் பார்க்கிறாள். அவளுக்கு இப்போது உன் பெயர்.

கருமாதி முடிந்த பிறகு, உன்னை எங்கிருந்து ஆம்புலன்ஸில் தூக்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு வடைக்கடை. நடத்துகிற அக்கா நம் ஆள், எனக்குக் கொஞ்சம் மூத்தவர். கேட்டதும் உடனே சொன்னார்.

"ஆமாம்மா, இங்கதான் நாள் கணக்கா உக்காந்திருந்துச்சி, பாவம். பேச்சே வரல. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்துச்சா, குடிச்சிருக்குன்னு எல்லாரும் தள்ளிப் போய்ட்டாங்க. சீருடை போட்டவங்ககூட வந்து பாத்துட்டு, இந்தியப் பொம்பள, மப்புல இருக்குன்னு சிரிச்சிட்டுப் போனாங்க லா. நான்தான் வடையும் தேத்தண்ணியும் குடுத்தேன். கையால வாயைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுத்தான் குடிச்சிச்சி."

அது நீதான். முகவாதம் வந்த புதிதில் நீ அப்படித்தான் குடிப்பாய்.

"எங்க உக்காந்திருந்தாங்கக்கா?"

"அந்தத் தூணுல சாஞ்சிக்கிட்டு."

திரும்பிப் பார்த்தேன். அந்தத் தூணில் உன் படம் ஒட்டியிருந்தது. மழைச்சாரலில் ஓரம் சுருண்டு, இன்னும் கொஞ்சம் வெளுத்து. காணவில்லை என்று மூன்று மொழிகளில் போட்டிருந்தது. நீ அதன் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

"அக்கா, இவங்கதான் அது," என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது வேற பொண்ணும்மா. இது செவப்பா, லட்சணமா இருக்கே லா. தெனம் இந்தப் பிள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் கடையத் தெறப்பேன். எங்க இருந்தாலும் பத்தரமா வீட்டுக்குப் போயிரணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்கூட."

கைப்பேசியில் ரம்புத்தான் படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சட்டியில் வடை கருகியது, எடுக்கவில்லை. அந்த மனுஷியை நான் என்ன சொல்ல முடியும்? அந்த ஊரிலேயே உனக்கு ஒரு வாய் சோறு கொடுத்தவர் அவர் ஒருவர்தான். படத்தில் இருந்தவளுக்காகச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, உனக்கு வடை கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று அவருக்கு யார் சொல்வது? அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லாரையும் திட்டுகிறேன். நல்ல பக்கத்தைத் திருப்பி ஒட்டியவரை, பளிச்சென்று இருக்கிறது என்றவனை, அந்தக் கேஸ் வேறு என்றவரை, மப்பில் இருக்கிறாள் என்று சிரித்தவர்களை. தினமும் திட்டுகிறேன். யாருக்கும் கேட்பதில்லை.

எனக்கு இப்போது ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. எந்தப் பேருந்து நிறுத்தத்திலாவது நம் நிறத்தில் ஒரு பெண் தனியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. வேனை நிறுத்திவிட்டுப் போய், முன்னால் குந்தி, முகத்தைப் பார்த்துப் பெயரைக் கேட்கிறேன். ஒருத்தி என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்துக் கூச்சல் போட்டாள். என் வீட்டுக்காரர், "ஒரு நாள் ஒதை வாங்கிட்டுத்தான் வரப்போற," என்கிறார். வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் சிரம்பானில் ஓர் அம்மா. மடியில் துணிப்பை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு.

"ஒங்க பேரு என்னங்கம்மா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பைத்தியமா நீ? எம் மவன் வருவான் கூட்டிக்கிட்டுப் போவ. போ லா."

நான் வேனில் உட்கார்ந்து காத்திருந்தேன். மகன் வந்தான். சாலைக்கு அந்தப் பக்கம், எத்தனையோ பேர் நடுவிலிருந்து, குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தே, "அம்மா!" என்று கூப்பிட்டான். எனக்கு நிம்மதி வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்.

நானும் உன்னை அப்படிக் கூப்பிட்டிருப்பேன். கூட்டத்தில் உன் முதுகைக் காட்டியிருந்தாலும், சேறு அப்பியிருந்தாலும், வாய் காதுவரை இழுத்துப்போயிருந்தாலும் தெரிந்திருக்கும். உன் முகம் முழுக்க என்னிடம் இருந்தது. கொடுத்தேன், நல்லாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.